பார்ப்பார் இல்லாத நீர்வீழ்ச்சி

'வீண்' என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகக் கையாள்கிறோம். சோறு மிஞ்சிப்போனால் வீண். பகலில் மின்குமிழ் எரிந்தால் வீண். ஆற்று நீர் கடலில் கலந்தால் வீண். முதல் இரண்டையும் பற்றி எனக்கு ஆட்சேபனை எதுவும் கிடையாது. மூன்றாவதைப் பற்றியே இங்கு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

மலைநாட்டின் எந்த நீர்வீழ்ச்சிக்கு முன்னால் போய் நின்றாலும், சிறிது நேரத்தில் பக்கத்திலே நிற்கும் யாராவது ஒருவர் சொல்லக் கேட்கலாம்: "இவ்வளவு தண்ணியும் சும்மா போகுதே!" கிழக்கிலிருந்தும் புத்தளம் பக்கமிருந்தும் வரும் எம்மவர்கள் இதனைச் சொல்லும்போது அதிலே ஓர் ஏக்கம் கலந்திருக்கும். வெடித்துக் கிடக்கும் வயலைக் கண்டுவிட்டு வந்தவர்களின் ஏக்கம் அது. அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இன்னொரு வசனமும் உண்டு. காட்டுக்குள்ளே இரண்டு மூன்று மணித்தியாலம் நடந்தால் மட்டுமே காணக்கூடிய நீர்வீழ்ச்சிகளைப் பற்றிப் பேச்சு எழும்போது அது வரும்: "ஒருத்தரும் போய்ப் பார்க்காட்டி அது இருந்து என்ன பிரயோசனம்? ரோட்டொன்று போட்டால் எவ்வளவு சனம் போகும்!"

முதலாவது வசனம் நீரின் பயனைத் தேடுகிறது. இரண்டாவது அதன் அழகுக்குப் பார்வையாளரைத் தேடுகிறது. ஒருவர் விவசாயியாகவோ பொறியியலாளராகவோ பேசுகிறார். மற்றவர் ரசிகராகப் பேசுகிறார். எனினும் இருவர் பேச்சின் வேரும் ஒன்றுதான். ஒரு பொருளுக்குப் பெறுமதி எம்மிடமிருந்தே கிடைக்கிறது என்ற நம்பிக்கை அது. நாம் பயன்படுத்தாதது வீண். நாம் பார்க்காததும் வீண். இது சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இது வெறும் தத்துவ விளையாட்டு அல்ல. எமது மலைநாட்டில் எந்த ஆறு வெளியே ஓட வேண்டும், எது சுரங்கத்துக்குள் போக வேண்டும், எந்த ஊர் நீருக்குள் மூழ்க வேண்டும் என்பவையெல்லாம் கடந்த நூறாண்டுகளில் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடையைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன.

நீர் வீணாகக் கூடாது என்ற எண்ணம் இந்த நாட்டுக்குப் புதியதன்று. வானிலிருந்து விழும் ஒரு துளி நீரும் மனிதருக்குப் பயன்படாமல் கடலைச் சேரக் கூடாது என்று 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு கருதினான் என்பதை எமது பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். குளங்களால் வாழ்ந்த வரண்ட பிரதேசத்து அரசன் ஒருவனின் நியாயமான கவலை அது. அதே கவலை இருபதாம் நூற்றாண்டில் மின்சாரத்தின் வடிவில் மலைநாட்டுக்கு ஏறி வந்தது. மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் எடுத்துச் சொன்னார். அவரது கனவின் முதற்பகுதியான லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல்தான். இன்று எமது வீடுகளில் எரியும் விளக்கில் அந்த மனிதரின் பிடிவாதமும் கொஞ்சம் எரிகிறது. இதனை மறந்துவிட்டு மலைநீரின் தூய்மை பற்றிப் பாட்டுப் பாடுவது நேர்மையான காரியமாகாது.

மலைநாட்டு ஏரிகளைக் காணச் செல்பவர்களில் பலர் ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. அங்கே நாம் படமெடுத்து மகிழும் பெரிய நீர்ப்பரப்புகள் யாவும் மனிதன் கட்டியவை. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873 இல் ஓர் ஆளுநரின் விருப்பத்தால் உண்டாக்கப்பட்டது. காசல்ரீ 1965 இல் உருவானது. மவுசாக்கலை 1969 இல் உருவானது. நீர்வீழ்ச்சிகள் மலையோடு பிறந்தவை. ஏரிகளோ எம்மோடு வந்தவை. ஆகவே, "ஏரியையும் நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிட்டு வந்தோம்" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இரண்டு பொருட்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். பல இடங்களில் ஏரி பெரிதானதால்தான் கீழேயுள்ள நீர்வீழ்ச்சி மெலிந்திருக்கிறது.

வரட்சியான ஒரு மாதத்தில் மவுசாக்கலைக் கரையில் நின்றிருக்கிறேன். நீர் வற்றிக் கீழே இறங்கியிருந்தது. அணை கட்டப்பட்டபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் சிதைவுகள் சேற்றிலிருந்து எழுந்து நின்றன. மக்கள் வழிபட்ட இடங்களின் சுவர்கள், படிகள், கற்றூண்கள். வேன்களில் வந்தவர்கள் இறங்கிப்போய் அவற்றின்மீது நின்று படமெடுத்துக் கொண்டிருந்தார்கள். பயன் என்ற சொல்லுக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதனை அந்த இடம் சொல்லாமல் சொல்லியது. விலை கொடுத்தவர்களின் பெயர்கள் மின்சாரக் கட்டணச் சீட்டில் அச்சாவதில்லை.

ஆயினும் இந்தக் கேள்வியை என்னுள்ளே கூர்மையாக்கியது மவுசாக்கலை அல்ல. தலவாக்கலைக்கு அருகே, ஹட்டன் - நுவரெலியா வீதியிலிருந்து பார்க்கக்கூடிய சென்கிளயர் நீர்வீழ்ச்சியே அதனைச் செய்தது. கொத்மலை ஓயா அங்கே ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்திலிருந்து படிப்படியாக விரிந்து விழுகிறது. இலங்கையின் சின்ன நயாகரா என்று அதனைச் சொல்வார்கள். மேல் கொத்மலைத் திட்டம் அதற்கு மேலே தலவாக்கலையில் ஆற்றை மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே நீரைக் கொண்டுபோய், நிலத்தடி நிலையமொன்றில் 150 மெகாவோட் மின்சாரம் எடுக்கிறது. 2012 இல் அது இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பு வருடக்கணக்காக எதிர்ப்பு இருந்தது. சூழலியலாளர் பேசினர், மலையகத் தொழிற்சங்கங்கள் பேசின. ஈற்றில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. நீர்வீழ்ச்சி முற்றாக மறையாதிருக்க, பகற்பொழுதில் பத்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம் ஒரு குறிப்பிட்ட அளவு நீரைத் திறந்துவிடுவது என்பதே அந்த ஏற்பாடு. மழைக்காலத்தில் அணை நிரம்பி வழிந்தால் கதை வேறு. மற்றப்படி அது நேர அட்டவணைப்படி விழும் நீர்வீழ்ச்சி. ஆட்கள் பார்க்கும் நேரத்தில் விழும். இருட்டிய பிறகு யாரும் பார்ப்பதில்லை. ஆகவே விழ வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒருபுறம் மின்சாரம், மறுபுறம் அழகு. இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த நல்ல மனிதர்களின் சமரசம் அது. அதனாலேயே அது என்னை அதிகமாக யோசிக்க வைக்கிறது. அந்தச் சமரசத்தில் எம் காலத்தின் நம்பிக்கை அப்பட்டமாகத் தெரிகிறது. நீர்வீழ்ச்சி என்பது ஒரு காட்சி. காட்சிக்குக் கண் வேண்டும். கண் இல்லாத நேரத்தில் காட்சியும் வேண்டாம்.

அந்த வீதியோரத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த தோட்டத்து அம்மா ஒருவரிடம் இதைப்பற்றி விசாரித்தேன். "நீர்வீழ்ச்சி முன்னைப்போல் அழகாக இல்லையாமே, அம்மா?" என்றேன். அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"பாக்கிறதுக்கு நீங்கதானே ஐயா வாறீங்க. நாங்க எங்க பாத்தோம்? மலையில கொழுந்து எடுக்கிறப்ப தலையத் தூக்கிப் பாக்க நேரமேது? ராவுல லயத்துல படுத்தா சத்தம் கேக்கும். புள்ளைங்க அந்தச் சத்தத்துலதான் தூங்கும். இப்ப ராவுல சத்தம் இல்லைங்க ஐயா. கரண்டும் வேணும்தானே. ஒண்ணு சொல்றதுக்கில்ல."

பார்வையாளருக்காக நீரைக் காப்பாற்றியவர்களின் கணக்கில் இந்தப் பிள்ளைகளின் உறக்கம் வரவில்லை. காட்சியாக மட்டும் அதனைக் கருதியதால், அது ஓசையாகவும் இருந்தது என்பது எவருக்கும் தோன்றவில்லை. ஓசையாகவும் இருந்தது என்றால், நாமறியாத வேறு எவ்வெவையாகவெல்லாம் இருந்திருக்கும்? பாறையிடுக்கில் ஈரத்தை நம்பி வாழும் பாசிக்கு அது என்னவாக இருந்தது? இரவில் நீரருந்த வரும் மரைக்கு என்னவாக இருந்தது? தேநீர்க் கடை அம்மாவின் சொல்லில் ஒரு முறைப்பாடு இருந்தது. அதனுள்ளே ஒரு நீதியும் இருந்தது. கரண்டும் வேண்டும்தானே என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்தத் திட்டத்துக்காக லயன்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. பயனின் பெரும்பகுதி மலையிலிருந்து இறங்கித் தூரத்து நகரங்களுக்குப் போகிறது. பயன் என்று சொல்லும்போது யாருக்குப் பயன் என்று கேட்பதற்கும் நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி, எமது மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். நான் ஆலிம் அல்லன். வாசித்ததையும் கேட்டதையும் கொண்டு யோசிக்கும் ஒரு சாதாரண எழுத்தாளன் மட்டுமே.

அல்குர்ஆன் இரண்டு விதமாகப் பேசுவதாக முதலில் தோன்றும். வானங்களிலும் பூமியிலும் உள்ளவற்றை அல்லாஹ் மனிதனுக்கு வசப்படுத்திக் கொடுத்திருக்கிறான் என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. ஆறுகளும் அவ்வாறு வசப்படுத்தப்பட்டவற்றுள் அடங்கும். இதனைத் தஸ்கீர் என்பர். அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆதாரம் தேடுபவர் இங்கே நிற்கலாம். ஆனால் வேறோர் இடத்தில், உள்ளவை அனைத்தும் அவனைத் துதிக்கின்றன, அந்தத் துதியை நீங்கள் விளங்கிக்கொள்வதில்லை என்ற கருத்தும் வருகிறது. இதுவே தஸ்பீஹ். இதிலே மனிதனுக்கு எந்தப் பங்கும் கிடையாது. அவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும், விளங்கினாலும் விளங்காவிட்டாலும், அது நடந்துகொண்டேயிருக்கிறது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஒரு பள்ளிவாசலின் ஹவுளில் இருக்கும் நீரை எடுத்து வுழூச் செய்ய எமக்கு உரிமை உண்டு. அதனால் ஹவுள் எமக்குச் சொந்தமாகிவிடாது. தஸ்கீர் என்பது பயன்படுத்தும் அனுமதி. பொருள் உள்ளதன் நோக்கமே நாம்தான் என்ற உறுதிப்பத்திரம் அல்ல. கலீபாவாக வைக்கப்பட்டவனுக்குப் பொறுப்பு உண்டு. உறுதி அவன் பெயரில் எழுதப்படவில்லை. அமானிதத்தைக் கையில் வைத்திருப்பவன் அதனைத் தனது கையிருப்பு என்று எண்ணத் தொடங்கும் இடத்திலேயே கோளாறு தொடங்குகிறது.

ஸூரதுல் பகராவில் ஓர் அற்புதமான இடம் வருகிறது. இறுகிப்போன உள்ளங்களைக் கல்லோடு ஒப்பிடுகிறான் அல்லாஹ். அத்தோடு நிறுத்தாமல், கல்லுக்காகப் பரிந்து பேசுவதுபோல, கற்களிலும் ஆறுகள் பீறிட்டோடும் கற்கள் உண்டு, பிளந்து நீர் கசியும் கற்கள் உண்டு, இறையச்சத்தால் கீழே விழும் கற்களும் உண்டு என்று சொல்கிறான். நீர்வீழ்ச்சிப் பாறையின் முன்னால் நின்று இதனை நினைத்துப் பார்ப்பவருக்கு, அங்கே ஏதோவொன்று தனக்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது என்பது புலனாகும். நாம் ஜமாஅத்துக்குப் பிந்தி வந்தவர்கள். வந்து சேர்ந்துகொள்ளலாம், எமக்காகத்தான் தொழுகை தொடங்கியது என்று சொல்ல முடியாது.

'வீண்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நபி (ஸல்) அவர்கள் ஸஃத் (ரழி) அவர்களிடம், ஓடும் ஆற்றின் கரையில் இருந்து வுழூச் செய்தாலும் அளவு கடந்து நீரைச் செலவிடுவது இஸ்ராப் என்ற கருத்தில் சொன்னதாக இப்னுமாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி விவாதம் உண்டு. எனினும் நபியவர்கள் ஒரு முத்து நீரில் வுழூவும், ஒரு ஸாஉ அளவு நீரில் குளிப்பும் செய்தார்கள் என்பது ஆதாரபூர்வமானது. ஆற்றங்கரை உதாரணத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஓடும் ஆற்றில் ஒரு கை நீரைக் கூடுதலாக அள்ளி ஊற்றினால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஊற்றியதும் மறுபடி ஆற்றோடுதானே சேரப்போகிறது? ஆற்றுக்கு நட்டமில்லை, ஊருக்கும் நட்டமில்லை. ஆயினும் அது இஸ்ராப். அந்த ஒரு கை நீர் இஸ்ராப். அதன் பக்கத்திலேயே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் முழு ஆற்றையும் எவரும் இஸ்ராப் என்று சொல்லவில்லை.

இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இதுதான். வீண் என்பது நீரின் குணம் அல்ல. எமது கையின் குணம். அளவைக் கொண்டு அது தீர்மானிக்கப்படுவதில்லை. படைக்கப்பட்ட ஒன்று தன்பாட்டில் இருப்பதில் வீண் என்பதற்கு இடமே இல்லை. மனிதன் தலையிட்ட பிறகுதான் அந்தச் சொல்லுக்கு வேலை வருகிறது. வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்தித்து, இறைவா, இதனை நீ வீணாகப் படைக்கவில்லை என்று கூறுபவர்களை அல்குர்ஆன் அறிவுடையோர் என்கிறது. அவர்கள் சிந்தித்த வானத்தின் மிகப் பெரும் பகுதியை எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை என்பதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிலர் கேட்கலாம்: அப்படியானால் ஆற்றைத் தொடவே கூடாதா? அணை கட்டவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. தேவைக்கு எடுப்பது அனுமதி. எடுக்காமல் விட்டதை வீண் என்று சொல்லி எடுப்பதற்கு நியாயம் கற்பிப்பதுதான் தவறு. இரண்டுக்குமிடையே பெரிய வேறுபாடு உண்டு. முதலாமவன் கேட்டு வாங்குகிறான்; எவ்வளவு போதும் என்று அவனால் நிறுத்த முடியும். இரண்டாமவனுக்கு நிறுத்த இடமில்லை. கடைசித் துளி கடலைச் சேரும் வரைக்கும் அவனது கணக்கில் வீண் இருந்துகொண்டே இருக்கும்.

மனிதக் கை படாத இடம் ஒன்றை விட்டுவைப்பது மேற்கிலிருந்து இரவல் வாங்கிய சிந்தனை என்று எம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. எமது மரபை நாமே மறந்த பேச்சு அது. நபியவர்கள் மதீனாவை அடுத்த நகீஃ என்ற நிலத்தை ஹிமாவாக ஒதுக்கினார்கள். அது பொதுத் தேவைக்கான குதிரைகளின் மேய்ச்சலுக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே பயனை முன்னிட்ட காப்பு என்று ஒருவர் சொல்லலாம். ஹரம் எல்லையோ அதற்கும் அப்பால் போகிறது. மக்காவின் ஹரமில் தானாக முளைத்த மரத்தை வெட்டக் கூடாது. வேட்டைப் பிராணியைக் கொல்லக் கூடாது என்பது மட்டுமல்ல, வெருட்டவும் கூடாது. மனிதன் புனித யாத்திரைக்குப் போகும் இடம் அது. அங்கேதான் பிராணிக்கு அதிகப் பாதுகாப்பு. யாத்திரிகன் போகிறான் என்பதற்காக அங்குள்ளவை அவனுக்கு வழிவிட வேண்டியதில்லை. அவன்தான் இஹ்ராம் அணிந்து தன்னைச் சுருக்கிக்கொண்டு போகிறான்.

இதே மரபு எமது மலைநாட்டிலும் ஒருமுறை பதிவாகியிருக்கிறது. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்கு ஏறிய கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். சங்கிலிகளைப் பிடித்து ஏறியது, அட்டைகள் தாவி ஒட்டிக்கொண்டது, அவற்றின்மீது பிழிய மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது என்று அவரது பயணக்குறிப்பில் பல சுவையான விபரங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது அவை எதுவுமல்ல. உச்சிக்குச் சற்றுக் கீழே கிழ்ர் (அலை) அவர்களின் பெயரால் வழங்கிய ஒரு குகையையும் ஊற்றையும் அவர் குறிப்பிடுகிறார். அந்த ஊற்றில் மீன்கள் நிறைய இருந்தன என்றும், அவற்றை எவரும் பிடிப்பதில்லை என்றும் எழுதுகிறார். பல நாள் நடந்து களைத்து, பசியோடு அந்த இடத்தை அடைந்த யாத்திரிகர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! முஸ்லிமும் பௌத்தரும் இந்துவும் அவ்வழியால் போனார்கள். கைக்கெட்டிய மீனை எல்லோரும் பார்த்துவிட்டு விட்டுவிட்டுப் போனார்கள். அந்த மீன்கள் வீணாகப் போயின என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த மலையைச் சூழவுள்ள வனமும், ஹோட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் காடும் சேர்த்து 2010 இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போய்ச் சேரும் நீரோடைகள் அங்கே பிறக்கின்றன. அங்குள்ள பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி, 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் ஆராய்ச்சியாளர், கூடவே பெரிய வேட்டைக்காரர். அக்காலத்தில் மலைநாட்டைப் பார்க்கப் போவதென்றால் துப்பாக்கியோடு போவதுதான். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. ஹோட்டன் சமவெளியில் இன்று யானைகள் இல்லை. அந்தக் கனவான்களும் இயற்கையின் ரசிகர்கள்தாம். அழகைக் கண்டு உருகி எழுதத் தெரிந்தவர்கள்தாம். ரசிப்பதனால் மட்டும் ஒருவன் தீங்கற்றவனாகிவிடுவதில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

அதே சமவெளியில் இன்னொரு கதையும் உண்டு. அங்கு வாழும் ஒருவகைச் சிறு தேவாங்கு 1937 இல் காணப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டதாகவே கருதினார்கள். 2010 இல் அதன் புகைப்படங்கள் உலகுக்கு வெளியாயின. இடைப்பட்ட காலத்தில் அது எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. பனிமூட்டக் காட்டுக்குள்ளே, இரவு தோறும் கிளைகளில் ஊர்ந்து, பூச்சி பிடித்து, குட்டி ஈன்று வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. எமது பட்டியலில் அழிந்துபோன ஒன்று, தனது றப்பின் பட்டியலில் அழியாதிருந்தது. அந்த அறுபது ஆண்டுகளும் அதன் வாழ்வு வீண் என்று யாரால் சொல்ல முடியும்?

இனி எம்மவர்களின் பயணங்களைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. பெருநாள் கழிந்த மறுநாள் வேன்களும் பஸ்களும் மலையேறத் தொடங்கிவிடும். நல்ல விடயம்தான். பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பாருங்கள் என்ற கருத்தில் அல்குர்ஆனே தூண்டுகிறது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் தபக்குர், அதாவது படைப்பைச் சிந்தித்தல் பற்றித் தனியொரு பகுதியே எழுதியிருக்கிறார்கள். உம்மாமாரும் பிள்ளைகளும் வருடத்தில் ஒருநாள் வெளியே வந்து குளிர்ந்த காற்றை அனுபவிப்பதைக் குறை சொல்பவன் நானல்லன்.

ஆனால் நாம் திரும்பிய பின் அந்த இடம் எப்படிக் கிடக்கிறது? நீரோடைக் கரையில் லன்ச் ஷீட்டும், எலும்பும், பிளாஸ்டிக் போத்தலும். பொலித்தீனைத் தின்று மரைகள் செத்ததனால்தான் இன்று ஹோட்டன் சமவெளியின் வாயிலில் பைகளைத் திறந்து பார்த்து பொலித்தீனை அகற்றுகிறார்கள். நீர்நிலையின் ஓரத்தையும், பாதையையும், நிழலையும் அசுத்தப்படுத்துவது சாபத்தைத் தேடும் செயல் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இந்த ஹதீஸை மலசலகூட ஒழுக்கமாக மதரஸாவில் படித்தோம். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழியில் அது ஞாபகத்துக்கு வருவதில்லை. தண்ணீரின் ஓசையை மறைக்கும் அளவுக்கு ஒலிபெருக்கி வேறு. ஹரமில் பிராணியை வெருட்டக் கூடாது என்று அறிந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் நாம்.

குப்பையை விடவும் பெரிய இழப்பு உயிர். எமது பகுதியிலிருந்து பெருநாள் பயணம் போன வேன் ஒன்று சில வருடங்களுக்கு முன் ஒருவர் குறைந்து திரும்பியது. பத்தொன்பது வயதுப் பையன். நீர்வீழ்ச்சியின் கீழேயிருந்த தடாகத்தில் இறங்கியவன் மறுநாள்தான் மையித்தாக எடுக்கப்பட்டான். ஜனாஸா வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் கத்ர் என்று சொன்னார்கள். அது உண்மை, அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எவரிடமும் வார்த்தை இல்லை. ஆட்கள் கலைந்த பின்னர் அவனுடைய வாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "அந்த இடத்துல இறங்க வேணாமென்று போர்ட் போட்டிருக்காம், தம்பி. அழகான இடத்துல யாரு தம்பி போர்டப் பார்க்கிற?"

அந்த மனிதரின் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. அழகான இடம் எமக்காகவே விரிக்கப்பட்ட விருந்து என்று நம்பும்போது, அங்கே எமக்குத் தீங்கு வரும் என்று தோன்றுவதில்லை. மலை எமக்கு அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களைப் புதைத்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் சரிவுகளைக் கொண்டுவந்து நூற்றுக்கணக்கானோரைப் பலி கொண்டதும் மலையில் இறங்கிய நீர்தான். நாம் படமெடுக்கும் நீருக்கும் அந்த நீருக்கும் வேறு வேறு மேகங்கள் இல்லை. வசப்படுத்தப்பட்டது என்ற சொல்லுக்கு, எமது வசத்திலேயே இருக்கும் என்று பொருளல்ல. வசப்படுத்தியவன் வேறொருவன்.

ஆகவே, மலைக்குப் போவதை ஒரு ஸியாரத்தைப் போல எண்ணிக்கொள்வது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸியாரத்துக்குப் போகிறவன் வாசலில் ஸலாம் சொல்கிறான். குரலைத் தாழ்த்துகிறான். எதனையும் எடுத்து வருவதில்லை; தன் அழுக்கை அங்கே விட்டு வருவதுமில்லை. எவ்வளவு நேரம் இருந்தாலும் தனக்கு அங்கே வீடு கிடையாது என்பதை அறிந்திருக்கிறான். இந்த அதபு இருந்தால் அறிவிப்புப் பலகையை வாசிக்கவும் மனம் வரும். மின்சாரம் வேண்டுமென்று ஆற்றிடம் கேட்கும்போதும் இதே அதபு பொருந்தும். தேவையானதைக் கேள், இரவின் ஓசை யாருடையது என்று விசாரித்துக் கேள், மிஞ்சியதை வீண் என்று சொல்லாதே.

இன்னும் ஒரு படி மேலே போனால், எல்லா இடங்களுக்கும் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் எழுகிறது. ரோட்டுப் போடாத ஒரு பள்ளத்தாக்கு, பெயர் வைக்கப்படாத ஒரு நீர்வீழ்ச்சி, எவரும் படமெடுக்காத ஒரு தடாகம் இந்தச் சின்ன நாட்டில் மிச்சமிருந்தால், அது எமது இயலாமையின் அடையாளம் அல்ல. அங்கே பாறை நனைகிறது, பாசி வளர்கிறது, மரை நீரருந்துகிறது, தேவாங்கு விழித்திருக்கிறது. எமக்கு விளங்காத மொழியில் ஒரு தஸ்பீஹ் தடையின்றி நடக்கிறது. கண்ட நீர்வீழ்ச்சியின் முன்னால் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்ல எமக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. நாம் ஒருபோதும் போகாத நீர்வீழ்ச்சிகளுக்காகவும் வீட்டிலிருந்தபடியே அதனை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.